முழு வாக்கியமே எழுவாயாக வரும்போது: ஆங்கில நவுன் கிளாஸ், படிப்படியாக

‘அவன் எங்கே வேலை செய்கிறான் என்பது யாருக்கும் தெரியாது.’

இதைக் கரும்பலகையில் எழுதி ஆங்கிலத்தில் மாற்றச் சொன்னால், முதலில் எழுந்து வருபவர் பெரும்பாலும் இப்படி எழுதுவார்: ‘வேர் டஸ் ஹி ஒர்க் நோபடி டோன்ட் நோ.’ அடுத்தவர் வந்து கொஞ்சம் திருத்துவார்: ‘வேர் டஸ் ஹி ஒர்க் இஸ் நாட் நோன்.’ இரண்டுமே தவறு. இவர்களுக்குச் சொற்கள் தெரியாமல் இல்லை. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதில்தான் தடுமாற்றம்.

மாலை வகுப்பில் பல ஆண்டுகள் நானே இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ‘தட், வாட், வெதர், ஹூ, வேர், வென், வை, ஹவ் இவற்றில் தொடங்கினால் நவுன் கிளாஸ், அதாவது பெயர்ச்சொல்லின் இடத்தில் உட்காரும் துணைவாக்கியம்’ என்று பட்டியலைக் கொடுத்துவிட்டு வாக்கியம் எழுதச் சொல்வேன். பட்டியல் மனப்பாடம் ஆயிற்று; வாக்கியம் வரவில்லை. பட்டியலைப் பின்னுக்குத் தள்ளிய பிறகுதான் வழி திறந்தது. கீழே உள்ள வரிசை அப்படி அமைந்தது. படிகளை மாற்றிப் போடாதீர்கள்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வினைமுற்றை அடையாளம் காணத் தெரிய வேண்டும். ‘கோஸ்’, ‘வென்ட்’, ‘வில் கோ’, ‘இஸ்’, ‘வாஸ்’ ஆகியவை வினைமுற்றுகள். ‘கோயிங்’, ‘டு கோ’, ‘கான்’ ஆகியவை தனியாக நின்றால் வினைமுற்று ஆகா. இந்த வேறுபாடு தெரியாதவர் மூன்றாம் படியிலேயே நின்றுவிடுவார்.

கேள்வி வாக்கியத்தில் ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ எதற்காக வருகின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாம் படியில் அவற்றை வெளியேற்றப் போகிறோம்.

இவற்றோடு ஒரு துண்டுச் சீட்டு. பஸ் டிக்கெட் அளவில் வெள்ளைத் தாளைக் கிழித்து, அதன் மேல் ‘இட்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தச் சீட்டு கடைசி வரை வேலை செய்யும்.

சொல்விளக்கம் இவ்வளவு போதும்: எழுவாயும் வினைமுற்றும் கொண்ட சொற்கூட்டம் கிளாஸ். பெயர்ச்சொல் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்தால் நவுன் கிளாஸ். செயப்படுபொருள் இடத்திலும் அது உட்காரும். நமக்கு இங்கே வேண்டியது எழுவாய் இடம்.

2. முதலில் வெளி வாக்கியத்தை எழுதுங்கள்

‘அவன் சொன்னது உண்மை’ என்று எழுத வேண்டுமா? ‘அவன் சொன்னது’ என்பதைத் தொடாதீர்கள். ‘அது உண்மை’ என்பதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள்: ‘இட் இஸ் ட்ரூ.’ பிறகு ‘இட்’ இருந்த இடத்தில் ‘வாட் ஹி செட்’ என்பதை வையுங்கள்: ‘வாட் ஹி செட் இஸ் ட்ரூ.’

ஏன் இந்தச் சுற்று வழி? தமிழில் ‘அவன் சொன்னது உண்மை’ என்பதில் ‘இருக்கிறது’ போன்ற வினை எதுவும் இல்லை. பெயரே பயனிலையாக நின்றுவிடும். ஆங்கிலத்தில் அப்படி நிற்காது. நேராக மொழிபெயர்த்தவர் ‘வாட் ஹி செட் ட்ரூ’ என்று எழுதிவிட்டு, ‘செட்’ என்ற வினைதான் இருக்கிறதே என்று சாதிப்பார். அந்த வினை உள்ளே இருப்பது, கிளாஸுக்குச் சொந்தமானது. வெளி வாக்கியத்துக்கு அதனுடைய வினை தனியாக வேண்டும். ‘இட் இஸ் ட்ரூ’ என்று தொடங்கினால் அந்த ‘இஸ்’ முதலிலேயே உட்கார்ந்துவிடும், பிறகு மறந்துபோகாது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: ‘வாட் ஹி செட் இட் இஸ் ட்ரூ.’ ‘அவன் சொன்னது, அது உண்மை’ என்ற பேச்சின் பழக்கம் இது. கிளாஸ் வந்து உட்கார்ந்ததும் ‘இட்’ எழுந்து போய்விட வேண்டும். ஒரு நாற்காலியில் இருவருக்கு இடம் இல்லை.

3. மற்றவர் எழுதியதைப் படிக்கும்போது: வினைகளை எண்ணுங்கள்

எழுதுவதைவிடப் படிப்பதில்தான் நீளமான வாக்கியங்கள் வந்து மிரட்டும். இதைப் பாருங்கள்: ‘வாட் தி டாக்டர் டோல்டு மை மதர் லாஸ்ட் வீக் வொரீஸ் மீ.’ போன வாரம் டாக்டர் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கவலை தருகிறது.

வினைமுற்றுகள் இரண்டு: ‘டோல்டு’, ‘வொரீஸ்’. இப்போது சீட்டை எடுத்து, முதல் சொல்லில் இருந்து ‘வீக்’ வரை மூடுங்கள். ‘இட் வொரீஸ் மீ’ என்று படிக்கிறது. பொருள் வருகிறது. அப்படியானால் மூடப்பட்டது முழுவதும் எழுவாய். ‘வொரீஸ்’தான் வெளி வினை.

‘தீராததைப் பொறுத்துத்தான் ஆக வேண்டும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு: ‘வாட் கெனாட் பி க்யூர்டு மஸ்ட் பி என்டியூர்டு.’ ‘க்யூர்டு’ வரை மூடினால் ‘இட் மஸ்ட் பி என்டியூர்டு.’ சரியாகப் பொருந்துகிறது.

கடைசி வினைதான் வெளி வினை என்று சிலர் குறுக்குவழி சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். ‘வாட் ஹி செட் ப்ரூவ்ஸ் தட் ஹி வாஸ் தேர்’ என்பதில் மூன்று வினைகள். வெளி வினை நடுவில் இருக்கும் ‘ப்ரூவ்ஸ்’. சீட்டை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதே நம்பகமான வழி.

4. வாசலில் எந்தச் சொல்?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாகும், செலவழிக்கவும் வேண்டும்.

தமிழில் ‘என்பது’ கடைசியில் வருகிறது. ‘அவன் பொய் சொன்னான்’ என்று முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு, பிறகு நிதானமாக ‘என்பது’ சேர்த்து மூடுகிறோம். ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. வாயைத் திறக்கும்போதே, வரப்போவது முழுக் கூற்றா, கேள்வியா, பொருளா என்று வாசலிலேயே அறிவித்தாக வேண்டும். ஆகவே முதலில் தமிழில் சொல்லி, அதன் வாலைப் பாருங்கள். வாலில் இருப்பது ஆங்கிலத்தில் தலைக்குப் போகும்.

வால் வெறும் ‘என்பது’ என்றால் ‘தட்’. ‘அவன் பொய் சொன்னான் என்பது தெளிவு’: ‘தட் ஹி லைடு இஸ் க்ளியர்.’

வாலில் ‘-ஆ என்பது’ இருந்தால் ‘வெதர்’. ‘அவள் வருவாளா என்பது சந்தேகம்’: ‘வெதர் ஷி வில் கம் இஸ் டவுட்ஃபுல்.’ இங்கே எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும்: டபிள்யூவுக்குப் பின்னால் ஹெச் வரும். மழை வெயிலைக் குறிக்கும் சொல் காதுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் எழுத்தில் வேறு. ‘இஃப்’ போடலாமா என்று எப்போதும் ஒருவர் கேட்பார். செயப்படுபொருள் இடத்தில் போடலாம்: ‘ஐ டோன்ட் நோ இஃப் ஷி வில் கம்.’ வாக்கியத்தின் தலையில் போடக்கூடாது. தலையில் ‘இஃப்’ கண்டதும் படிப்பவர் நிபந்தனை ஒன்றை எதிர்பார்த்துவிடுவார்.

உள்ளே எங்கே, எப்போது, ஏன், எப்படி, யார் என்ற வினாச்சொல் இருந்தால் அதுவே வாசலுக்கு வரும். தனியாக ‘தட்’ வேண்டாம். ‘தட் வேர் ஹி ஒர்க்ஸ்’ என்று இரண்டையும் அடுக்குவது ‘எங்கே... என்பது’ என்பதை எழுத்துக்கு எழுத்து மாற்றுவதால் வரும் பிழை.

இனி சிக்கலான வால்: ‘சொன்னது’, ‘கேட்டது’, ‘எழுதியது’ போன்றவை. தமிழில் ‘-அது’ என்ற முடிவுக்கு இரண்டு முகம். ‘அவர் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது’ என்கிறீர்கள். வீட்டுப் பேச்சுவார்த்தைகளில் எப்போதும் வாய் திறக்காத பெரியப்பா, அன்றைக்குச் சொத்துப் பிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார் என்று வையுங்கள். உங்களுக்கு ஆச்சரியம் எது? அவர் சொன்ன செய்தியா, அவர் வாய் திறந்ததேவா? தமிழ் இரண்டுக்கும் ஒரே வடிவத்தைத் தந்து, சூழலைப் பார்த்துப் புரிந்துகொள் என்று விட்டுவிடுகிறது. ஆங்கிலம் விடாது.

செய்தி ஆச்சரியம் என்றால்: ‘வாட் ஹி செட் சர்ப்ரைஸ்டு மீ.’
சொன்ன செயல் ஆச்சரியம் என்றால்: ‘தட் ஹி செட் இட் சர்ப்ரைஸ்டு மீ.’

இரண்டாவதில் ‘செட்’டுக்குப் பின் ஓர் ‘இட்’ முளைத்திருப்பதைக் கவனியுங்கள். இதிலிருந்து கிடைப்பதுதான் ஓட்டைச் சோதனை. வாசற்சொல்லை நீக்கிவிட்டு மீதியைப் படியுங்கள். ‘ஹி செட்’ என்று நின்றால், எதைச் சொன்னான் என்ற இடம் காலியாக இருக்கிறது, ஓட்டை இருக்கிறது. ‘ஹி செட் இட்’ என்றால் ஓட்டை இல்லை. ஓட்டை இருந்தால் ‘வாட்’, இல்லாவிட்டால் ‘தட்’. ‘வாட்’ அந்த ஓட்டையை அடைக்கும் பொருளாகவும் இருக்கிறது, வாசற்சொல்லாகவும் இருக்கிறது. ‘தட்’ வெறும் வாசற்படி. உள்ளே அதற்கு வேலை இல்லை.

இந்தச் சோதனையைக் கொண்டு மூன்று பிழைகளைப் பிடிக்கலாம். ‘தட் ஹி செட் இஸ் ட்ரூ’: ஓட்டை இருக்கிறது, அடைக்க ஆள் இல்லை. ‘வாட் ஹி லைடு இஸ் க்ளியர்’: ஓட்டையே இல்லை, ‘வாட்’ எதை அடைக்கும்? ‘வாட் ஹி செட் இட் சர்ப்ரைஸ்டு மீ’: ஒரே ஓட்டையை இருவர் அடைக்கிறார்கள்.

ஓட்டை எப்போதும் செயப்படுபொருள் இடத்தில்தான் இருக்கும் என்பதில்லை. ‘வாட் ஹேப்பன்ட் யெஸ்டர்டே வாஸ் அன் ஆக்ஸிடென்ட்’ என்பதில் காலியாக இருப்பது உள்ளே இருக்கும் எழுவாய். ‘வாட் ஹி இஸ் லுக்கிங் ஃபார் இஸ் எ ஜாப்’ என்பதில் ‘ஃபார்’ என்பதற்குப் பின்னால் ஓட்டை. ‘அவன் தேடுவது ஒரு வேலை’ என்ற தமிழில் ‘ஃபார்’ போன்ற எதுவும் இல்லாததால் அதை விட்டுவிடுகிறார்கள். ‘ஃபார் இஸ்’ என்று இரண்டு சிறு சொற்கள் முட்டிக்கொண்டு நிற்பது கண்ணுக்கு உறுத்தும். உறுத்தட்டும், சரிதான்.

‘தட்’ பற்றி இன்னொன்று. ‘ஐ நோ ஹி லெஃப்ட்’ என்று அதை விட்டுவிட்டுச் சொல்வது இயல்பு. எழுவாய் இடத்தில் விட முடியாது. ‘ஹி லெஃப்ட் சர்ப்ரைஸ்டு மீ’ என்று தொடங்கினால், படிப்பவர் ‘அவன் போனான்’ என்பதையே முழு வாக்கியமாக எடுத்துக்கொண்டு, அடுத்து வரும் ‘சர்ப்ரைஸ்டு’ மேல் இடறி விழுவார்.

கடைசியாக ‘யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு இடம்’ என்ற வகை. நம்முடைய ‘யார்...ஓ, அவர்’ என்ற சோடியை அப்படியே கொண்டுபோய் ‘ஹூ கம்ஸ் ஃபர்ஸ்ட், ஹி வில் கெட் தி சீட்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஹூஎவர்’ ஒன்றே சோடியின் இரண்டு வேலையையும் செய்துவிடும்: ‘ஹூஎவர் கம்ஸ் ஃபர்ஸ்ட் கெட்ஸ் தி சீட்.’ வெறும் ‘ஹூ’ தலையில் வந்தால் யார் என்ற கேள்விப்பொருள்தான் தரும்: ‘ஹூ ப்ரோக் தி க்ளாஸ் இஸ் நாட் நோன்’, கண்ணாடியை உடைத்தது யார் என்பது தெரியவில்லை.

5. கேள்வியின் சட்டையைக் கழற்றுங்கள்

வாசற்சொல் கிடைத்துவிட்டது. இனி உள்ளே சொற்களின் வரிசை.

ஒரு மாலை, பிளஸ் டூ மாணவி ஒருத்தி ‘வேர் டஸ் ஹி லிவ் இஸ் நாட் நோன்’ என்று எழுதிக் காட்டினாள். ‘யாரிடம் கேட்கிறாய்?’ என்றேன். ‘யாரிடமும் கேட்கவில்லை சார், சொல்கிறேன்’ என்றாள். ‘கேட்கவில்லை என்றால் டஸ் எதற்கு?’ சற்று நேரம் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தானே அடித்துத் திருத்தினாள். அதற்குப் பிறகு வகுப்பில் யார் இந்தப் பிழை செய்தாலும் பக்கத்தில் இருப்பவரே ‘யாரிடம் கேட்கிறாய்?’ என்று கேட்டுவிடுவார்.

பிழைக்குக் காரணம் தமிழில் இருக்கிறது. ‘அவன் எங்கே வசிக்கிறான்?’ என்பதோடு ‘என்பது தெரியவில்லை’ என்று ஒட்டினால் போதும். உள்ளே ஒரு சொல்லும் இடம் மாறாது. ஆங்கிலத்தில் கேள்விக்கு ஒரு வரிசை, கூற்றுக்கு ஒரு வரிசை. நவுன் கிளாஸ் எப்போதும் கூற்றின் வரிசையில்தான் இருக்கும்.

திருத்தும் முறை இது. கேள்வியை எழுதுங்கள்: ‘வேர் டஸ் ஹி லிவ்?’ துணைவினை ‘டஸ்’ வெளியே போகட்டும். போகும்போது தன்னிடம் இருந்த எஸ் எழுத்தை வினையிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்: ‘வேர் ஹி லிவ்ஸ்.’ ‘டிட்’ போனால் இறந்தகாலத்தைக் கொடுத்துவிட்டுப் போகும்: ‘வாட் டிட் ஹி சே’ என்பது ‘வாட் ஹி செட்’ ஆகும். ‘இஸ்’, ‘வில்’, ‘கேன்’ போன்றவை வெளியேறுவதில்லை. எழுவாய்க்குப் பின்னால் நகர்ந்தால் போதும்: ‘வென் வில் தே கம்’ என்பது ‘வென் தே வில் கம்.’

பாதி திருத்தம் முழுப் பிழையைவிட ஆபத்தானது, ஏனென்றால் சரிபோலத் தோன்றும். ‘வேர் ஹி லிவ் இஸ் நாட் நோன்’ என்பதில் ‘டஸ்’ போய்விட்டது, எஸ் வந்து சேரவில்லை. ‘வேர் ஹி டஸ் லிவ்’ என்பதில் இடம் மாறியது, ஆள் போகவில்லை.

‘ஹவ்’ தனக்குப் பின்னால் ஒரு சொல்லைக் கைப்பிடித்து வந்திருந்தால் இருவரையும் பிரிக்காதீர்கள். ‘ஹவ் ஓல்டு இஸ் ஹி’ என்பது ‘ஹவ் ஓல்டு ஹி இஸ்’ ஆகும். ‘ஹவ் ஹி இஸ் ஓல்டு’ ஆகாது. ‘ஹவ் மச்’, ‘ஹவ் மெனி புக்ஸ்’ எல்லாம் அப்படியே.

கேள்வியில் ‘ஹூ’ அல்லது ‘வாட்’ தானே எழுவாயாக இருந்தால் மாற்ற எதுவும் இல்லை. ‘ஹூ ப்ரோக் தி க்ளாஸ்?’ என்பது அப்படியே உள்ளே போகும். வாக்கியத்தின் இறுதியில் கேள்விக்குறி மட்டும் கூடாது.

6. வெளி வினை ஒருமை

உள்ளே எத்தனை பன்மை இருந்தாலும், கிளாஸ் வெளியில் ஒற்றை ஆள்தான். ‘வை தி பஸ்ஸஸ் வேர் லேட் வாஸ் நாட் எக்ஸ்ப்ளெயின்ட்.’ பஸ்கள் பல, விளக்கப்படாதது ஒன்று. வினைக்கு அருகில் இருக்கும் பெயரைப் பார்த்து வினையை முடிவு செய்யும் பழக்கம்தான் இங்கே காலை வாரும். சீட்டைப் போட்டால் ‘இட் வாஸ்’ என்றுதான் வரும், ‘இட் வேர்’ என்று வராது.

இரண்டு தனித்தனி கிளாஸ்கள் ‘அண்ட்’ போட்டு இணைந்தால் பன்மை ஆகும்: ‘வாட் ஹி செட் அண்ட் வாட் ஹி டிட் வேர் டிஃபரென்ட்.’ சொன்னது ஒன்று, செய்தது ஒன்று. ஆனால் ‘ஹவ் அண்ட் வென் ஹி எஸ்கேப்டு இஸ் எ மிஸ்ட்ரி’ என்பதில் கிளாஸ் ஒன்றுதான்; ஒருமை.

‘வாட் ஐ நீட் இஸ் டூ டிக்கெட்ஸ்’ என்பதா, ‘ஆர் டூ டிக்கெட்ஸ்’ என்பதா? ஆங்கிலேயர் எழுத்தில் இரண்டையும் காணலாம். தேர்வில் ‘இஸ்’ எழுதுங்கள்.

கிளாஸ் முடிந்ததும் மூச்சு வாங்கத் தோன்றும். அங்கே காற்புள்ளி இடக் கை துடிக்கும். இடாதீர்கள். எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே ஆங்கிலத்தில் ஒற்றைக் காற்புள்ளிக்கு இடம் இல்லை. ‘வாட் வில் பி, வில் பி’ என்று ஒரே வினை முட்டிக்கொள்ளும் இடங்களில் மட்டும், கண் குழம்பாமல் இருக்கச் சிலர் இடுவார்கள். அது விலக்கு.

7. தலை கனத்தால் பின்னால் தள்ளுங்கள்

‘தட் ஹி லைடு இஸ் க்ளியர்’ என்பது சரியான வாக்கியம். ஆனால் நடப்புப் பேச்சில் யாரும் அப்படிப் பேசுவது அரிது. ‘இட் இஸ் க்ளியர் தட் ஹி லைடு’ என்றுதான் சொல்வார்கள். சீட்டில் இருந்த ‘இட்’ நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள்ள, கனமான கிளாஸ் பின்வரிசைக்குப் போகிறது. ஆங்கிலம் கேட்பவர் வெளி வினையைச் சீக்கிரம் எதிர்பார்ப்பார்; நீண்ட எழுவாய் அதைத் தாமதப்படுத்துகிறது.

‘தட்’, ‘வெதர்’, வினாச்சொல் கிளாஸ்களை இப்படித் தள்ளலாம். ‘அந்தப் பொருள்’ என்ற கருத்தில் வரும் ‘வாட்’ கிளாஸைத் தள்ளாதீர்கள். ‘வாட் ஹி காட் இஸ் ஹெவி’ என்பதை ‘இட் இஸ் ஹெவி வாட் ஹி காட்’ என்று புரட்டினால் எழுத்தில் நிற்காது.

தள்ளியே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு: கேள்வி. ‘இஸ் தட் ஹி லைடு ட்ரூ?’ என்று கேட்கக்கூடாது. ‘இஸ் இட் ட்ரூ தட் ஹி லைடு?’ என்று கேட்க வேண்டும். ‘இட் சீம்ஸ் தட் ஹி இஸ் இல்’ என்பதையும் திருப்ப முடியாது. ‘தட் ஹி இஸ் இல் சீம்ஸ்’ என்பது அந்தரத்தில் தொங்கும்.

8. முகம் ஒன்றாக இருக்கும் மற்றவை

விரைவாகப் பார்த்துவிடலாம். ‘தட் புக் இஸ் லாஸ்ட்’ என்பதில் ‘தட்’ சுட்டு. பின்னால் தனி வினை கொண்ட கிளாஸ் இல்லை. ‘தி புக் தட் ஹி ரோட் இஸ் லாஸ்ட்’ என்பதில் ‘தட்’ ஒரு பெயரின் முதுகில் ஏறி வருகிறது. நம்முடைய பெயரெச்சம் செய்யும் வேலை அது. எழுவாயாக வரும் நவுன் கிளாஸுக்கு முன்னால் அப்படித் தாங்கும் பெயர் இருக்காது.

‘வென் ஹி கேம், ஐ வாஸ் அஸ்லீப்’ என்பதில் சீட்டைப் போடுங்கள்: ‘இட், ஐ வாஸ் அஸ்லீப்.’ பொருந்தவில்லை. இது நேரத்தைச் சொல்லும் கிளாஸ். ‘வென் ஹி கேம் இஸ் நாட் நோன்’ என்பதில் சீட்டு பொருந்துகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நுணுக்கம் உண்டு, நல்ல மாணவர்களும் தவறவிடுவது. எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது நேரம் சொல்லும் கிளாஸில் ‘வில்’ வராது: ‘வென் ஹி அரைவ்ஸ், கால் மீ.’ நவுன் கிளாஸில் வரும்: ‘வென் ஹி வில் அரைவ் இஸ் அன்சர்டன்.’ முதல் விதியைக் கசடறக் கற்றவர் இரண்டாவதிலும் ‘வில்’லை வெட்டிவிடுகிறார்.

9. தேர்வில் மாற்றி எழுதச் சொன்னால்

பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் ஒரே வினைமுற்று கொண்ட சிம்பிள் வாக்கியத்தை, உள்ளே இன்னொரு கிளாஸ் கொண்ட காம்ப்ளெக்ஸாக மாற்றச் சொல்லும் கேள்வி வரும். ‘ஹிஸ் இன்னொசென்ஸ் இஸ் சர்டன்’ போன்றது. எழுவாயாக இருக்கும் பெயரை உடைத்து, உள்ளே ஒளிந்திருக்கும் ஆளையும் வினையையும் வெளியே எடுக்க வேண்டும். யார்? ‘ஹி’. என்ன? ‘இஸ் இன்னொசென்ட்’. ஓட்டை இல்லை, ஆகவே ‘தட்’. ‘தட் ஹி இஸ் இன்னொசென்ட் இஸ் சர்டன்.’ அந்த ‘இஸ் சர்டன்’ என்ற வாலைத் தொடவே கூடாது. மாணவர்கள் அவசரத்தில் அதையும் மாற்றி மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

பெயருக்குக் காலம் கிடையாது. கிளாஸுக்கு உண்டு. ‘ஹிஸ் சக்சஸ் இஸ் சர்டன்’ என்பதை ‘தட் ஹி வில் சக்ஸீட் இஸ் சர்டன்’ என்று எழுதும்போது அந்த ‘வில்’லை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். இனி நடக்கப்போவதா, நடந்ததா என்று வாக்கியத்தின் மீதியைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

‘தி காஸ் ஆஃப் தி ஃபயர் இஸ் நாட் நோன்’: காரணம் என்ற பெயர் மறைந்து ‘வாட் காஸ்டு தி ஃபயர் இஸ் நாட் நோன்’ ஆகும். ‘தி டைம் ஆஃப் ஹிஸ் அரைவல்’ என்பது ‘வென் ஹி வில் அரைவ்’ ஆகும். ‘தி டைம் வென் ஹி வில் அரைவ்’ என்று ‘டைம்’ என்ற பெயரையும் வைத்துக்கொண்டால் வாக்கியம் காம்ப்ளெக்ஸ்தான், ஆனால் உள்ளே இருப்பது நவுன் கிளாஸ் அல்ல. அந்தப் பெயரின் முதுகில் ஏறிவிட்டது.

10. எழுவாயாக வைக்கவே வேண்டாத இடம்

எல்லாம் கைவந்த பிறகு வரும் பிழை இது. ‘அவள் கேட்டது எனக்குப் புரியவில்லை’ என்பதை ஒரு மாணவர், கற்ற படிகள் எல்லாவற்றையும் முறையாகப் போட்டு, ‘வாட் ஷி ஆஸ்க்டு டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட் டு மீ’ என்று எழுதினார். வாசற்சொல் சரி, வரிசை சரி, வாக்கியம் குப்பை.

தெரிவது, புரிவது, பிடிப்பது, நினைவிருப்பது: இவை தமிழில் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் ஆளை ஓரமாக நிறுத்திவிட்டு, பெரும்பாலும் தெரியும் பொருளையே எழுவாயாக்கும். ஆங்கிலத்தில் ‘நோ’, ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘லைக்’, ‘ரிமெம்பர்’ ஆகியவற்றுக்கு ஆள்தான் எழுவாய். ஆகவே தமிழில் எழுவாயாக இருந்த கிளாஸ் ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் போய்விடும்: ‘ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட் வாட் ஷி ஆஸ்க்டு.’ வாசற்சொல்லும் வரிசையும் மாறுவதில்லை. இடம் மட்டும் மாறுகிறது.

ஆகவே இரண்டாம் படியில் வெளி வாக்கியத்தை எழுதும்போதே, தமிழில் ‘-க்கு’ ஏற்ற ஆள் யாராவது நிற்கிறாரா என்று ஒரு பார்வை பாருங்கள். நின்றால், அவரை முன்னால் கொண்டுவர முடியுமா என்று சோதியுங்கள். முதலில் எழுதிய வாக்கியத்திலேயே அப்படி ஒருவர் நிற்கிறார்: ‘யாருக்கும்’. ‘வேர் ஹி ஒர்க்ஸ் இஸ் நாட் நோன் டு எனிஒன்’ என்று எழுதினால் விடைத்தாளில் முழு மதிப்பெண். யாராவது நேரில் விசாரித்தால் ‘நோபடி நோஸ் வேர் ஹி ஒர்க்ஸ்’ என்று சொல்லுங்கள்.